கறளும் கைப்பழக்கமும்

பழம்பொருளைப் பேணுவோர் இருவகையினர். ஒரு சாரார் அதனைத் துடைத்துக் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் கண்டு மகிழ்வர். மற்றொரு சாரார் அதனை நாள்தோறும் எடுத்தாண்டு, தேய்ந்தவிடத்தைத் திருத்தி, மீண்டும் எடுத்தாள்வர். தேய்ந்த அம்மியைப் பொளிவித்துப் பொளிவித்து ஆயுள் முழுவதும் அரைத்த எம் பாட்டிமார் இரண்டாஞ் சாராரைச் சேர்ந்தவர்கள். மோட்டார் வாகனத்தைப் பொறுத்தவரையில் நாமும் அவர்கள் கட்சியே.

இந்துக் கல்லூரி ஒன்றிலே பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கின்றதென்றால் வாசகர்கள் வியப்புறுதல் கூடும். வியப்புக்கு இடமில்லை, காரின் வயது எமது வயதினும் மிகுதி. 1977ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, யப்பானிலே சில ஆண்டுகள் ஓடிய வாகனங்கள் இலங்கைக்கு வரலாயின. அவற்றுள் ஒன்றை எமது தாய்மாமனார் 1979ஆம் ஆண்டு கொழும்பிலே வாங்கினார். 1974ஆம் ஆண்டில் உருவான ரொயோட்டா செலிக்கா அது. இரு கதவுகள்; நீண்ட முகம்; தாழ்ந்த கூரை. கண்ணாடிகளை இறக்கிவிட்டால் இடையிலே தூண் எதுவுமின்றிப் பக்கம் முழுவதும் காற்றுக்குத் திறந்து கிடக்கும்.

யப்பானியர் இத்துறையில் வளர்ந்த வரலாறு சுவையானது. 1967ஆம் ஆண்டு ரொயோட்டா நிறுவனத்தார் 2000 ஜீ.ரீ. என்னும் காரையும், மஸ்டா நிறுவனத்தார் சுழல் எஞ்சின் பூட்டிய கொஸ்மோ ஸ்போர்ட் என்னும் காரையும் விற்பனைக்கு விட்டனர். அவை உலகத்தார் கண்ணைக் கவர்ந்தன. ஆயினும் செல்வர் சிலரே வாங்கத்தக்கனவாயிருந்தன. முன்னையது மொத்தம் மூன்றரை நூறளவிலேயே செய்யப்பட்டது. 1970ஆம் ஆண்டு டிசெம்பரில் விற்பனைக்கு வந்த செலிக்காவோ மாதச் சம்பளக்காரரை எண்ணிச் செய்யப்பட்டது. அதன் அடிப்பாகம் கரீனா என்னும் குடும்பக் காரினுடையதே. எஞ்சின், கியர்ப்பெட்டி, உள்ளலங்காரம் ஆகியவற்றை வாங்குபவர் தாமே தெரிந்து சேர்த்துக்கொள்ளும் முறையும் அதற்கென யப்பானில் வகுக்கப்பட்டது. செலிக்கா என்னும் பெயர் விண்ணுலகுக்குரியது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. பெயர் விண்ணுலகத்தது, உறுப்புக்களோ குடும்பக் காரின் உறுப்புக்கள். வீட்டுக் கொட்டிலிலே வைத்து அதனைத் திருத்த முடிவதற்கு இதுவே காரணம்.

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் இதனைப் பொறுத்துக்கொண்டன. அவற்றின் எஞ்சின்கள் கலவையை மிகுதியாக அமுக்குவதில்லை. 1588 கன சென்ரிமீற்றர் கொண்ட செலிக்காவின் எஞ்சினோ எட்டரை மடங்கு அமுக்குவது. மண்ணெண்ணெய்க் கலவையை அவ்வளவுக்கு அமுக்கினால், சுவாலை பரவுமுன்னரே ஒரு பகுதி தானாக வெடித்துப் பிஸ்ரன்களைத் தாக்கும். எனவே மாமனார் சில்லுகளைக் கழற்றி, காரைக் கற்களின்மேல் நிறுத்திக் கிடுகினால் மூடினார்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, காணி உறுதிகளோடு அவர் வேறொரு பொருளையும் கடுதாசியிற் பொதிந்து எடுத்துச்சென்றார். டிஸ்ரிபியூற்றரின் உள்ளே சுழன்று, ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்னைப் பகிரும் சிறு கருந்துண்டு அது. அஃதின்றி எவரும் அந்த எஞ்சினை எழுப்ப முடியாது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது கொட்டிலின் கூரை வீழ்ந்திருந்தது. சில்லுகள், ஆசனங்கள், காபரேற்றர் ஆகியன இல்லை. காரின் உடலும் எஞ்சினும் இருந்தன. கருந்துண்டை அவர் அலுமாரியில் வைத்துப் பதினான்கு ஆண்டுகள் காத்தார்.

தரைப்பாதை திறந்து உதிரிப்பாகங்கள் வரத் தொடங்கியபின், 2010ஆம் ஆண்டில், திருத்தவேலையை நாம் ஏற்றோம். எமக்குக் குருவாய் அமைந்தவர் எமது ஒழுங்கையில் வசிக்கும் முதிய மெக்கானிக். மண்ணெண்ணெய்க் காலத்தில் ஊரிலே பாதிக் கார்களை ஓடவைத்தவர் அவர். முதல் நாளே எமக்கு உபதேசம் செய்தார். "மாஸ்ரர், கை வைக்கிறதுக்கு முந்திக் கண்ணை வையுங்கோ. கழட்டுறது லேசு. கழட்டினதை எங்கை வைச்சம் எண்டு தெரியிறதுதான் தொழில்." அன்று தொட்டுக் கழற்றிய ஆணி ஒவ்வொன்றும் பால்மா ரின்களில் பெயரெழுதி வைக்கப்பட்டது, அதன் இடம் அப்பியாசக் கொப்பியில் வரையப்பட்டது.

நெடுங்காலம் கிடந்த எஞ்சினில் பிஸ்ரன் வளையங்கள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். அதனை வலிந்து சுழற்றலாகாது. பிளக்குகளைக் கழற்றி, துளைகளின் வழியே ஒயில் விட்டு, எட்டு நாள் பொறுத்தோம். பின்னர் முன்புறக் கப்பியின் ஆணியில் ஸ்பனரை மாட்டிக் கையால் மெல்லத் தள்ளினோம். விரற்கடையிற் பாதியளவு அசைந்தது. அருகே கதிரையில் இருந்த மாமனார் எழுந்து நின்றுவிட்டார். எஞ்சின் உயிர்பெற மேலும் இரண்டாண்டுகள் சென்றன. 2012ஆம் ஆண்டு தைமாதத்தில் அக்கருந்துண்டைத் தம் கையாலேயே மாட்டியவர் அவர். அவ்வாண்டு முடியுமுன் அவர் காலமானார்.

கார் ஓடத் தொடங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. இரும்பு, நீர், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்தவிடத்துக் கறள் பிறக்கும். உப்பு அதனை விரைவுபடுத்தும். கடற்காற்று வீசும் யாழ்ப்பாணத்தில் இதற்குக் குறைவில்லை. கறளின்மேல் பூசும் வர்ணம் புண்ணின்மேல் போர்த்த பட்டுக்கு நிகர். நல்லிரும்பு தோன்றும்வரை வெட்டி நீக்கி, புதுத் தகடு ஒட்டி, அதன்பின்னரே பூசுதல் வேண்டும். கதவுகளின் அடியிலே நீர் வடிவதற்கெனச் சிறு துளைகள் உண்டு. மாரிக்கு முன்னர் அவற்றை ஈர்க்கினாற் குத்தி அடைப்பு நீக்குதல் எமது வீட்டு வழக்கம். எமது கிணறுகளோ சுண்ணாம்புக்கல்லின் நடுவே ஊறுவன. அந்நீரை றேடியேற்றருள் விட்டால் கேத்தலின் அடியிற் படிவதுபோற் படிந்துவிடும். ஆதலின் வடித்த நீரையே குளிர்திரவத்தோடு கலந்து விடுகின்றோம்.

2016ஆம் ஆண்டு புதுமையான நோயொன்று கண்டது. கார் கால்மணி நேரம் நன்றாக ஓடும், பின்னர் நின்றுவிடும். பத்து நிமிடம் இளைப்பாறினால் மீண்டும் ஓடும். திருத்தகம் ஒன்றிற் கொடுத்தோம், அங்கே மின்சுருளையும் பிளக்குகளையும் மாற்றிப் பணம் பெற்றனர், நோய் நீங்கவில்லை. மெக்கானிக் ஐயா கார் நின்ற கணத்திலே எரிபொருள் வடியின் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். அது வெறுமையாயிருந்தது. மின்னிலே குறையில்லை, பெற்றோல்தான் வந்து சேரவில்லை. தாங்கியின் உட்புறத்துக் கறட்செதில்கள் உறிஞ்சுவாயை நோக்கி இழுக்கப்பட்டு அதனை அடைத்தன. எஞ்சின் நின்று இழுவை ஒழிந்ததும் அவை கீழே வீழ்ந்தன. அதனாலேயே இளைப்பாறியபின் கார் ஓடிற்று.

தாங்கியைக் கழற்றிப் பெற்றோலை வடித்துப் பலமுறை நீரால் அலசினோம். வெறுந்தாங்கியில் தங்கும் ஆவி நிறைதாங்கியினும் ஆபத்தானது. அதனருகே நெருப்பு ஆகாது. பின்னர் வினாகிரியை நிரப்பி மூன்று நாள் விட்டு, கைப்பிடியளவு பழைய நட்டுகளை உள்ளிட்டுக் குலுக்கினோம். அப்பச்சோடா கரைத்த நீரால் புளிப்பை அகற்றி, நன்கு உலர்த்தியவுடன் பெற்றோல் நிரப்பினோம். அந்நோய் பின்னர் வரவில்லை.

ஏனையவை ஒழுங்காகச் செய்யும் சிறு பணிகளே. பொயின்ற் இடைவெளி 0.45 மில்லிமீற்றர். வால்வு இடைவெளி, எஞ்சின் சூடாயிருக்கையில், உட்செல்லும் வால்வுக்கு 0.20, வெளிச்செல்லும் வால்வுக்கு 0.33. பின்னையது எரிந்த வாயுவில் மிகச் சூடேறி மிகுதியாக நீளுமாதலின் அதற்கு இடமும் மிகுதியாக வேண்டும். வெப்பவிரிவைக் கரும்பலகையில் இருபது நிமிடம் விளக்குவதிலும் இந்த மெல்லிய தகட்டை ஒரு மாணவன் கையிற் கொடுப்பது மேல். பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுகின்றோம். இதில் மாத்திரம் சிக்கனம் பார்ப்பதில்லை.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய கார்களின் விலை ஏறிற்று. 2022ஆம் ஆண்டுப் பெற்றோற் பஞ்சத்தில், வாரம் இருபது லீற்றர் என்று பங்கிட்ட காலத்தும் செலிக்கா ஓடாமல் நின்றதேயன்றி விற்கப்படவில்லை. அடுத்த ஆண்டு கொழும்பிலிருந்து அன்பர் ஒருவர் வந்து பெருந்தொகை பேசினார். எமது மனைவியார் அடுக்களையிலிருந்தே தமது கருத்தைத் தெரிவித்தார்: "உந்தக் காருக்குச் செலவழிச்ச காசுக்கு எனக்கு நாலு சோடி காப்புச் செய்திருக்கலாம்." அதில் மிகையில்லை. வளரும் மகளின் படிப்புச் செலவும் எம் கண்முன் நின்றது. புதிய கார்கள் குறைந்த எரிபொருளில் ஓடுவன, விபத்திலே ஆட்களை நன்கு காப்பன, இவற்றையும் மறுத்தற்கில்லை. இரவு முழுவதும் கணக்குப் பார்த்தோம். கணக்கு விற்கும்படியே சொல்லிற்று.

மறுநாட் காலை, எங்கே வைத்து ஓட்டப்போகின்றீர்கள் என்று அந்த அன்பரை வினாவினோம். ஓட்டுவதற்கன்று, மண்டபத்திலே வைப்பதற்கென்றார். நாம் விற்கவில்லை. மனைவியார் மறுபேச்சின்றி அவருக்கும் எமக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

மெக்கானிக் ஐயாவுக்கு இப்போது எண்பது வயதை அண்மிக்கின்றது. கண் தெரிகின்றது, காது நன்றாய்க் கேட்பதில்லை. நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்து நோய் சொல்லிய மனிதருக்கு இஃது எத்துணை இழப்பென்பதை நாம் சொல்லவேண்டுவதில்லை. சென்ற விடுமுறையில் அவர் திருப்புளியை எமது மகளிடம் நீட்டினார்.

"பிள்ளை, என்ன கேக்குது?"

"மூண்டாவதிலை 'டிக் டிக்' எண்டு கேக்குது, தாத்தா."

"சங்கிலியோ, வால்வோ?"

அவள் திருப்புளியை முன்னும் பின்னும் வைத்துக் கேட்டாள். "வால்வு."

மூடியைத் திறந்து அளந்தோம். மூன்றாம் சிலிண்டரின் வெளிச்செல்லும் வால்வில் இடைவெளி 0.40 இருந்தது. ஐயா ஒன்றும் பேசாமல் ஸ்பனரையும் அவள் கையிலேயே கொடுத்தார்.

உதிரிப்பாகத்தைக் கடல்கடந்தும் தருவிக்கலாம். அவர் காது அறிந்ததை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. கார் எத்தனை ஆண்டு ஓடுமோ அறியோம். ஆனால், அந்த ஒலியை அறிந்த காது இன்னும் ஒன்று இவ்வூரில் இருக்கின்றது. வாசகர்கள் இல்லங்களில் தையல் மெசினோ, சைக்கிளோ, கிணற்று மோட்டரோ இருத்தல் கூடும். அடுத்தமுறை அதனைத் திருத்த அமரும்போது அருகிலே ஒரு பிள்ளையையும் இருத்திக்கொள்வார்களாக.