எத்தனை இடத்தில் அளந்தார்கள்?

எங்கள் வாசகர் வட்டத்தில் ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு ஏழெட்டுப் பேர் கூடி, படித்ததைப் பற்றிப் பேசுவது எங்கள் வழக்கம். 2003இல் ஒரு நாள் பேச்சு நாவலை விட்டு விலகிப் பிரபஞ்சத்துக்குப் போயிற்று. தொலைதூர விண்மீன் வெடிப்புகளை அளந்த இரு குழுக்கள், பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998இல் அறிவித்திருந்தன. அதைத் தள்ளும் இனம்தெரியாத ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயரும் வைத்தாயிற்று. அது ஐன்ஸ்டைன் 1917இல் தம் சமன்பாட்டில் சேர்த்த மாறிலியேதான், என்றும் மாறாதது, ஆகவே விண்மீன் திரள்கள் ஒன்றையொன்று காணவியலாத தொலைவுக்கு விலகி, எல்லாம் இருளில் முடியும் என்று நாங்கள் அடித்துச் சொன்னோம். அந்த முடிவின் கசப்பு எங்களுக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நவீன இலக்கியம் படிக்கிறவர்களுக்குத் தோதான பிரபஞ்சம் அது.

அவர் மட்டும் கேட்டார்: "என்றைக்கும் மாறாது என்று சொல்ல எத்தனை இடத்தில் அளந்தார்கள்?" முப்பதாண்டுகள் வயல்களில் சங்கிலி பிடித்தவர். இழுத்து இழுத்துச் சங்கிலியே நீண்டுவிடும், அதைச் சரிபார்த்த பிறகே புலப்படத்தில் எண் எழுதுவோம் என்றார். "பிரபஞ்சம் என்ன பட்டா நிலமா, சார்?" என்றார் எங்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். அடுத்த மாதம் அவர் வரவில்லை. பிறகு வந்தார், ஆனால் அறிவியல் பேச்சில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார்.

அவர் கேட்டது எவ்வளவு முறையான கேள்வி என்பது எங்களுக்குத் தாமதமாகவே விளங்கிற்று. வானத்திலும் ஒரு சங்கிலி உண்டு. பெருவெடிப்பை அடுத்த சுமார் 3,80,000 ஆண்டுகள், ஒளியும் பருப்பொருளும் பிணைந்திருந்த கொதிகுழம்பில் ஒலியலைகள் பரவின. குழம்பு குளிர்ந்ததும் அவை எட்டிய இடத்தில் உறைந்தன. அந்தத் தடத்தால், இன்றைய அளவில் சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியுள்ள விண்மீன் திரள் இணைகள் சற்றே மிகுதி. சற்றே என்பதால், ஏராளமாக எண்ணினாலன்றிப் புலப்படாது. நியூ மெக்சிகோவில் நடந்த ஸ்லோன் வான ஆய்வு ஏறக்குறைய 47,000 திரள்களைக் கொண்டு 2005இல் இத்தடத்தைக் காட்டியது. அங்கே அலுமினியத் தட்டில் 640 துளைகளிட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் ஒளியிழையைக் கையாலேயே செருகுவார்கள் என்று படித்தபோது எங்களுக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

கைகளின் வேலையை இப்போது இயந்திரங்கள் செய்கின்றன. அரிசோனாவில், டொஹோனோ ஓதம் பழங்குடியினரின் நிலத்தில் உள்ள கிட் பீக் மலையில், நான்கு மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் பொருத்தப்பட்ட கருவி டெசி. அதில் 5,000 சிறு ரோபோக்கள் ஆளுக்கொரு ஒளியிழையை ஏந்தி நிற்கின்றன. ஒவ்வோர் இழையும் ஒரு திரளின் ஒளியை நிறமாலையாகப் பிரிக்கக் கொண்டுசெல்லும். அதன் செம்பெயர்ச்சி தொலைவைச் சொல்லும். சில நிமிடங்களில் அடுத்த 5,000. ஆய்வு 2021இல் தொடங்கிற்று. 2022இல் காட்டுத்தீ மலையுச்சி வரை ஏறியது, தொலைநோக்கி தப்பியது.

2025 மார்ச்சில் வந்த முடிவு ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட திரள்களையும் குவாசர்களையும் கொண்டு, 1,100 கோடி ஆண்டு விரிவை அளந்தது. பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சோடும் விண்மீன் வெடிப்புக் கணக்குகளோடும் அதைச் சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் தளர்ந்துவருவது போலத் தெரிகிறது. அப்படியானால் நாங்கள் தீர்ப்பெழுதிய இருள் முடிவும் உறுதியில்லை. ஆனால் எந்த வெடிப்புப் பட்டியலைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, இதன் நம்பகம் 2.8 சிக்மாவிலிருந்து 4.2 வரை மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று சொல்ல இயற்பியலாளர் கேட்பது ஐந்து.

நண்பர் 2016இல் காலமானார். இருந்திருந்தாலும் வெற்றி கொண்டாடியிருக்க மாட்டார். பட்டியலுக்குப் பட்டியல் கணக்கு மாறுகிறதென்றால் முதலில் சங்கிலியைப் பாருங்கள், இதை வைத்துக் கல் நட முடியாது என்றிருப்பார். நாங்களும் நடவில்லை. சிரித்ததற்கு வருந்த மட்டும் ஐந்து சிக்மா தேவைப்படவில்லை. சென்ற கூட்டத்தில் டெசியின் வரைபடத்தை மேசையில் விரித்து, அவருடைய கேள்வியை ஒருவர் உரக்கச் சொன்ன பிறகே பேசத் தொடங்கினோம்.