சூட்டுக்கு ஒரு ஜர்னல் என்ட்ரி

பி.காம். படித்தவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கம் தெரியும். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. ஓர் இடத்தில் குறைந்தால் இன்னோர் இடத்தில் ஏறியே தீரவேண்டும். முதலாளி வீட்டில் காலையில் கிளம்பும் சூடு, பத்து மணிக்கு மானேஜர் தலையில் இறங்கி, பதினொன்றுக்கு நம்ம சீட்டுக்கு வந்து, ராத்திரி 'சாம்பார்ல உப்பே இல்லை' என்று முடிவதும் இந்தக் கணக்குப்படிதான். சூட்டை யாரும் அழிப்பதில்லை ஸார். கை மாற்றித்தான் விடுகிறோம்.

இது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும் என்று என் மச்சினன் புண்ணியத்தில் தெரிந்துகொண்டேன்.

மச்சினன் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன். மாதச் சம்பள வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்தவன். மாமனார், பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். மகன் வேலையை விட்ட நாளிலிருந்து அவனோடு நேரடிப் பேச்சு கிடையாது. "அவன் சாப்பிட்டானான்னு கேளு" என்று எல்லாம் மாமியார் வழியாகத்தான்.

போன மே மாதம் அவனுடைய கிராஃபிக்ஸ் கார்டில் இருந்த இரண்டு ஃபேனும் நின்றுவிட்டன. படம், வீடியோ சம்பந்தப்பட்ட கனமான வேலையையெல்லாம் செய்வது அந்தக் கார்டுதான். 2016-ல் வந்த மாடல். முழு வேகத்தில் ஓடினால் 180 வாட் கரன்ட் குடிக்கும்; குடித்ததை அப்படியே சூடாகக் கக்கும். மூன்று அறுபது வாட் குண்டு பல்பை ஒரு பெட்டிக்குள் அடைத்த மாதிரி. 83 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்ம ஆபீஸில் சிலர் இந்த விஷயத்தில் 30 டிகிரியிலேயே உஷாராகிவிடுகிறார்கள்.

வாரன்ட்டி எப்போதோ முடிந்துவிட்டது. புதுக் கார்டு வாங்க அவனுக்கு ஐந்து கல்யாணமாவது வேண்டும். (அவனுக்கில்லை, ஊரில்.) ஞாயிற்றுக்கிழமை ஒரு பார்ட்டிக்கு வீடியோ கொடுத்தாக வேண்டும், மாப்பிள்ளை திங்கட்கிழமை ஃபிளைட் ஏறுகிறார். வாங்கிய அட்வான்ஸோ வாடகைக்கும் கரன்ட் பில்லுக்கும் போயாச்சு.

"தண்ணி விடப்போறேன் மாமா" என்றான்.

"கரன்ட் ஓடற சாமான்லயா?"

"மேல ஊத்தலை மாமா. பக்கத்துல ஓடவிடப்போறேன்."

விஷயம் புதிதல்ல. 1960-களிலேயே ஐ.பி.எம்.மின் பெரிய கம்ப்யூட்டர்களில் தண்ணீர் ஓடியிருக்கிறது. 1985-ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரில் ஒரு படி மேலே போய், சர்க்யூட் போர்டுகளையே மின்சாரம் பாயாத ஒரு திரவத்தில் முக்கிவிட்டார்கள். காரணம் சிம்பிள். ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூடு, ஒரு லிட்டர் காற்று சுமப்பதைப்போல 3,000 மடங்குக்கு மேல். காற்று சைக்கிளில் போகும் போஸ்ட்மேன் என்றால், தண்ணீர் கூட்ஸ் வண்டி.

ரிச்சி தெருவில் ஒரு பழைய வாட்டர் கூலர் கிடைத்தது. விலை 1,500. உள்ளங்கை அளவு பம்ப், அதன் அடியில் செம்புத் தகடு, இரண்டு ரப்பர் குழாய், மறுமுனையில் குட்டி ரேடியேட்டர், அதில் ஒரு ஃபேன். தண்ணீர் உள்ளேயே சீல் வைத்திருக்கும். ஆனால் அது சி.பி.யு.வுக்காகச் செய்தது. அதன் ஸ்குரூ ஓட்டைகள் 75 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தன. கார்டில் இருந்ததோ 58. ஜாதகம் பொருந்தவில்லை!

வெளிநாட்டில் இதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தில் ஆர்வலர்கள் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டினார்கள். 2013-ல் என்.இசட்.எக்ஸ்.டி. என்ற அமெரிக்கக் கம்பெனி 'கிராக்கன் ஜி10' என்று, சி.பி.யு. கூலரைக் கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டுவதற்கென்றே ஒரு பிராக்கெட் கொண்டுவந்தது. நம்மவனுக்கு அது கிடைக்கவில்லை. ஒரு அலுமினியத் தகடும் ஹாக்சா பிளேடுமாக பால்கனியில் உட்கார்ந்தான்.

கிறீச்... கிறீச்... அரை மணி நேரம் அந்தச் சத்தம். ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனார் ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. கடைசியில் எழுந்தார்.

"மாப்ளே, அரத்தை இப்படிப் பிடிச்சா தகடு எப்படிச் சரியா வரும்னு அவன்கிட்ட கேளுங்க."

நான் கேட்பதற்குள் அவரே தகட்டை வாங்கிவிட்டார். பரண்மேல் இருந்த டூல்ஸ் பெட்டி இறங்கியது. வெர்னியரால் அளந்தார். சென்டர் பஞ்ச் வைத்து நாலு தட்டு. நடுவில் பம்ப் உட்கார ஒரு வட்டம், சுற்றிலும் நாலு ஓட்டை. ஓரத்தை அரத்தால் தடவித் தடவி, கையை அறுக்காதபடி வழவழவென்று ஆக்கினார். ஸ்குரூ போர்டில் உரசாமலிருக்க நைலான் வாஷர் போடச் சொன்னவரும் அவர்தான்.

மாட்டும்போதுதான் உயிர் போய் உயிர் வந்தது. சி.பி.யு.வுக்கு மேலே ஓர் உலோக மூடி உண்டு. கிராஃபிக்ஸ் சிப் அம்மணமாக, கண்ணாடி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஒரு மூலையில் அழுத்தம் கூடினால் உடைந்துவிடும். மச்சினன் கை நடுங்கியது.

"டேய், ஒண்ணை முழுசா முறுக்காதே. குறுக்குல போ. இதுல அரைச் சுத்து, எதிர் மூலையில அரைச் சுத்து."

"சரிப்பா."

மாமியார் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

சுற்றியிருந்த மெமரி சிப்புகளைத் தண்ணீர் தொடாது. அவற்றுக்குக் குட்டிக் குட்டி ஹீட்ஸிங்க் ஒட்டி, தனியாக ஒரு சின்ன ஃபேன். பம்பில் காற்றுக்குமிழி சிக்காதபடி ரேடியேட்டரை உயரத்தில் வைத்தார்கள். ஸ்விட்சைப் போட்டான். ஒரு மணி நேரம் ஓடியும் 62 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. அறையே 34. அதற்குக் கீழே எந்த வாட்டர் கூலரும் கொண்டுபோகாது.

ஆனால் அறை வெந்தது. ஏன் தெரியுமா? முன்பு சூடு தாங்காமல் கார்டு வேலையைக் குறைத்துக்கொண்டது. இப்போது முழு வேகம், முழு 180 வாட், அத்தனையும் அறைக்குள். கார்டு கணக்கில் கழித்தது ரூம் கணக்கில் ஏறிவிட்டது. ரேடியேட்டர் காற்று நேரே ஈஸிசேர் மேல்! மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதை ஜன்னல் பக்கம் திருப்புடா. அப்புறம், சாப்டியா?"

வீடியோ சனிக்கிழமை ராத்திரியே முடிந்துவிட்டது. மொத்தச் செலவு 1,920 ரூபாய். ஃபிட்டர் கூலியை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் எதிர் ஃபிளாட்காரர் என்னைப் படிக்கட்டில் பிடித்தார். "இந்த வருஷம் எங்க ஜன்னல் பக்கம் அனல் ரொம்ப ஜாஸ்தி ஸார்" என்றார்.

"ஆமாம் ஸார், கத்திரி இல்லையா" என்றேன்.