மரை கழன்ற கதை

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் கார் டயர் மாற்றிக்கொண்டிருந்தேன். பையன் ஆர்வமாக எண்ணெய் டப்பாவோடு வந்தான். "அப்பா, நட்டுல கொஞ்சம் விட்டா ஈஸியா போகும்ல?"

"விடாதடா!"ன்னு நான் போட்ட சத்தத்தில் டப்பாவே கீழே விழுந்துடுச்சு. பாவம், அவனுக்கென்ன தெரியும்? அப்பனுக்கு 1998-லேயே ஒரு தடவை மரை கழன்ற கதை. கொசுவத்தியைச் சுத்திட வேண்டியதுதான் :-)

அப்போ கோவையில் ஒரு கியர்பாக்ஸ் கம்பெனியில் ட்ரெய்னி இன்ஜினியர். எஞ்சினியரிங் முடிச்ச கையோடு, எல்லாம் தெரிஞ்ச திமிரோடு திரிஞ்ச காலம். அசெம்ப்ளியில் ஒரு மேஸ்திரி இருந்தார். என் அப்பா வயசு. கியர்பாக்ஸ் மூடிக்கு எம்12 போல்ட் போடுறது அவர் வேலை. டார்க் ரெஞ்சை 88 நியூட்டன் மீட்டருக்கு வெச்சு, "க்ளிக்"னு சத்தம் வர்ற வரைக்கும் இழுக்கணும். அவ்வளவுதான்.

இறுக்கும்போது போல்ட் எல்லாம் கீச் கீச்னு கத்தும். எனக்கு அது பொறுக்கலை. ஸ்டோரில் மாலிப்டினம் கலந்த கறுப்பு பேஸ்ட் ஒரு டப்பா இருந்துச்சு. "மேஸ்திரி, இதைத் தடவிப் போடுங்க, ஸ்மூத்தா போகும்"னு கொடுத்தேன். அவர் டப்பாவையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "சரிங்க தம்பி"ன்னுட்டார். சத்தம் நின்னுச்சு. எனக்கு ஒரே பெருமை.

மூணாம் நாள் போல்ட் உடைய ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு, சாயங்காலத்துக்குள்ள ஏழு.

மேனேஜர் பாய்ஞ்சு வந்தார். டார்க் ரெஞ்சை செக் பண்ணாங்க, சரியா இருந்துச்சு. போல்ட்டை டெஸ்டுக்கு அனுப்பினாங்க, அதுவும் சரி. அப்போ மிச்சம் யாரு? ஆள்தானே! "பைப்பை மாட்டி இழுத்திருப்பான்யா"ன்னு முடிவாச்சு. மேஸ்திரிக்கு மெமோ, ரெண்டு நாள் சம்பளம் கட்.

அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "க்ளிக்கு வர்றதுக்கு முந்தியே போல்ட்டு இளகுதுங்க. கைக்குத் தெரியுதுங்களே."

யாரும் காதில் வாங்கலை. நானும்தான்.

அன்னிக்கு ராத்திரி ரூமில் அந்த "இளகுது" மட்டும் மண்டையில் ஓடிட்டே இருந்துச்சு. காலேஜ் புத்தகத்தை எடுத்தேன். நாம போல்ட்டை இறுக்கும்போது கொடுக்கிற பலத்தில், தோராயமா பாதி, தலைக்கு அடியில் உராய்வுக்கே போயிடும். இன்னொரு 40 சதவீதம் மரைக்குள்ள உராய்வுக்கு. மிச்சமிருக்கிற 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்து ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்குது. டார்க் ரெஞ்ச் அளக்கிறது இந்த மொத்தத்தையும். போல்ட் எவ்வளவு இறுகியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. எவ்வளவு எதிர்ப்பு இருந்துச்சுன்னு மட்டும்தான் தெரியும்.

கணக்குப் போட்டேன். பேஸ்ட் இல்லாம 88 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினா, போல்ட்டில் சுமார் 3.7 டன் இழுவிசை. பேஸ்ட் தடவினதும் உராய்வு குறையுது. அதே 88-க்கு 6 டன்னைத் தாண்டப் பார்க்குது. அந்த 8.8 கிரேடு எம்12 போல்ட்டோ சுமார் 5.5 டன்னிலேயே நிரந்தரமா நீள ஆரம்பிச்சுடும். அதாவது க்ளிக் வர்றதுக்கு முன்னாடியே போல்ட் இளகுது. அவர் க்ளிக் வரும் வரும்னு இழுத்துட்டே இருக்கார். பட்டுனு உடையுது. பைப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேஸ்திரி கை சொன்னதுதான் சரி. உடைச்சது நான்.

மறுநாளே போய்ச் சொல்லியிருக்கணும் இல்லையா? சொல்லலை. அடுத்த வாரம் எனக்கு வேலை நிரந்தரமாகிற பேப்பர் வர வேண்டியிருந்துச்சு. பேஸ்ட் டப்பாவை மட்டும் சத்தமில்லாம ஸ்டோருக்கே திருப்பிட்டேன். போல்ட் உடையறதும் நின்னுச்சு. "பார்த்தீங்களா, மெமோ கொடுத்ததும் ஒழுங்கா வேலை செய்யறான்"னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்னார். மேஸ்திரி தலையைக் குனிஞ்சுட்டு நின்னார். நான் பக்கத்திலேயே நின்னேன்.

ஒன்பது நாள் கழிச்சுத்தான் சொன்னேன். முதலில் மேஸ்திரிகிட்ட, அப்புறம் மேனேஜர்கிட்ட. மெமோ வாபஸ் ஆச்சு, சம்பளமும் திரும்பி வந்துச்சு. எனக்கு நல்ல டோஸ். நிரந்தரம் ஆறு மாசம் தள்ளிப் போச்சு. அது நியாயம்தான்.

மேஸ்திரி திட்டவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துது. ரெண்டு போல்ட்டை எடுத்தார். ஒண்ணு பேஸ்ட் தடவாதது, இன்னொண்ணு தடவினது. ரெண்டையும் கையால் உட்கார வெச்சு, தலையில் சாக்பீஸால் கோடு போட்டார். ரெஞ்சைக் குறைச்சு 40-க்கு வெச்சு ரெண்டையும் இறுக்கினார். ரெண்டுக்கும் அதே க்ளிக். ஆனா பேஸ்ட் போட்டதன் கோடு நல்லாவே அதிகமா சுத்தியிருந்துச்சு. "க்ளிக்கு ஒண்ணுதானுங்க தம்பி. கோடு வேறயாப் போச்சு பாருங்க. ரெண்டையும் பார்க்கோணும்."

இன்னிக்குக் கார் இன்ஜின்களில் ஹெட் போல்ட்டை இதே மாதிரிதான் இறுக்கறாங்க. முதலில் ஒரு அளவு டார்க், அப்புறம் இத்தனை டிகிரி சுத்து. அவர் சாக்பீஸில் காட்டின பாடம்தான்.

அதுக்காக உராய்வு நமக்கு எதிரின்னு நினைச்சுடாதீங்க. போல்ட் கழராம பிடிச்சு வெச்சிருக்கிறதும் அதே உராய்வுதான். கிரீஸ் போடறது தப்பே இல்லை. போட்டா டார்க் அளவையும் மாத்தணும். எண்ணெய் உண்டா இல்லையான்னு வேலைத்தாளில் எழுதி வைக்கணும், தினம் ஒரே மாதிரி செய்யணும். நடுவில் ஒரு அறிவாளி வந்து டப்பாவை நீட்டக் கூடாது. அவ்வளவுதான் சூட்சுமம்.

பையனுக்கு முழுக் கதையும் சொன்னேன், அந்த ஒன்பது நாள் உட்பட. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "அப்பா, அவர்கிட்ட ஸாரி சொன்னீங்களா?"ன்னு கேட்டான்.

சொன்னேன்டா. லேட்டா.

டிஸ்கி: பெரும்பாலான கார்களுக்கு வீல் நட் மரையைச் சுத்தமாத் துடைச்சு, எண்ணெய் இல்லாமத்தான் இறுக்கணும். உங்க வண்டிக்கு எப்படின்னு கையேட்டைப் பாருங்க. என்னை மாதிரி "ஸ்மூத்தா போகும்"னு கிளம்பிடாதீங்க!