30 விநாடி

2019இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் 'கேட்டதாக'க் கணக்கில் வைக்கிறது. என் போன்ற வங்கிக் குமாஸ்தாவுக்குச் சுலபமாகப் புரிகிற பேரேட்டு விதி. பல்லவிக்கு முன் நிதானமாக விரிகிற வாத்திய இசை இங்கே நஷ்டக் கணக்கு. குரல் உடனே வந்தாக வேண்டும். நானும் பஸ்ஸில் தாவித் தாவிக் கேட்கிறவன்தான்.

இதையெல்லாம் ரசனைச் சீரழிவு என்று எழுத உட்கார்ந்தபோது, அபிப்பிராயம் கேட்டு நண்பர் அனுப்பியிருந்த கவிதை நினைவுக்கு வந்தது. முதல் நான்கு வரிகளில் ஒன்றும் நடக்கவில்லையென்று கடைசி வரிக்குத் தாவி, 'செறிவு போதாது' என்று பதில் போட்டிருந்தேன். நேற்றிரவு மறுபடி படித்தேன். கவிதை அந்த நான்கு வரிகளில்தான் இருந்தது.

அந்த விதி பாட்டை மட்டும் திருத்தவில்லை. நண்பருக்கு இன்று வேறு கடிதம் எழுத வேண்டும்.