முடி கொட்டுற சேவலும் மூணு மாசமும்

பொட்டி தட்டுறவனுக்கு சேவலைப் பத்தி என்ன தெரியும்னு கேக்காதீங்க. நமக்கு திண்டுக்கல் பக்கம். கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்குப் பேர் போன ஏரியா. அப்பாவுக்கு ஸ்டென்ட் வச்சு ரிட்டையர்மென்ட்டும் ஆனதுக்கப்புறம், காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்க இருக்கற ஒரே காரணம் அவரோட சேவல்தான். சண்டைக்கெல்லாம் விடறதில்ல. கண்காட்சிக்கு மட்டும்.

போன புரட்டாசியில அது முடி கொட்ட ஆரம்பிச்சிச்சு. (எங்க ஊர்ல இறகுன்னு சொல்ல மாட்டாங்க, முடிதான்.) மொதல்ல தலை, கழுத்து, அப்புறம் நெஞ்சு, முதுகு, றெக்கை, கடைசியா வால். ராஜா மாதிரி நடந்த பய, பாதி உரிச்ச கோழி மாதிரி மூலையில நின்னான். கூவறதும் குறைஞ்சு போச்சு.

இது சீக்கு இல்லீங்க. வருஷா வருஷம் நடக்கறதுதான். ஆடிக்கு மேல பகல் நேரம் சுருங்குது. நம்ம பக்கம் வருஷத்தோட நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒண்ணேகால் மணி நேரம்தான். அதையும் கோழி கண்டுபிடிச்சிருது. கண்ணால மட்டும் இல்ல, மண்டையோட்டைத் தாண்டி உள்ள போற வெளிச்சத்தையே மூளை நேரடியா உணருது! பகல் குறையக் குறைய ஆண் ஹார்மோன் இறங்கும், தைராய்டு வேலையக் காட்டும், பழைய முடிய புதுக்குருத்து கீழேருந்து தள்ளிவிடும். முட்டைப் பண்ணைல ராத்திரியும் பல்பு போட்டு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டறது, இந்தக் கணக்கைக் குழப்பத்தான்.

றெக்கை விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒவ்வொரு பக்கமும் 10 பெரிய இறகு. மொத்தமா கொட்டாது. நடுவுல ஆரம்பிச்சு வெளிப்பக்கமா ஒண்ணொண்ணா, ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழும். ஓடுற சர்வரை நிறுத்தாம பார்ட் மாத்துற மாதிரி. நாங்க இதைச் செய்யணும்னா நாலு மீட்டிங் போடுவோம் :)

இந்த நேரம் பாத்துத்தான் தரகர் வந்தார். சித்திரையில 18,000 ரூபாய்க்குக் கேட்டவர், இப்ப 5,000ங்கறார். "வயசாயிருச்சுண்ணே, இனி முடி வராது." அம்மாவுக்கு மருந்து மாத்திரை செலவு கண்ணு முன்னாடி நிக்குது. "குடுத்துருங்க, இல்லாட்டி குழம்பு வச்சிருவேன்"னுட்டாங்க. அப்பா ஒண்ணும் பேசல. ராத்திரி எனக்குப் போன் போட்டு, "ஏன்டா, நெசமாவே வராதா?"ன்னார். அவர் சேவலைப் பத்தி மட்டும் கேட்ட மாதிரி எனக்குத் தோணல.

வரும்ப்பான்னேன். மூணு வயசு சேவல். ரெண்டு மூணு மாசம் ஆகும், அவ்வளவுதான். இறகுல பெரும்பங்கு புரதம். அதனால கம்பு, சோளத்தைக் குறைச்சு அவிச்ச முட்டை, உப்பு போக அலசின கருவாடு, கறையான் குடுங்கன்னேன். கறையானுக்கு அவர் பானை கவுத்தி வச்ச கதை தனிப் பதிவு. முக்கியமா, கையில தூக்காதீங்கன்னேன். புதுக்குருத்து உள்ள ரத்தம் ஓடும். ஒடிஞ்சா ரத்தம் கொட்டும், அதுக்கும் வலிக்கும். தினமும் தடவிக் குடுத்துப் பழகின மனுஷனுக்கு இதுதான் பெரிய கஷ்டம்.

சிறுமலை, கொடைக்கானல் பக்கம் இருக்கற சாம்பல் காட்டுக்கோழிச் சேவல் இன்னும் ஒரு படி மேல. ஜோடி சேர்ற சீசன் முடிஞ்சதும் கழுத்துல மின்னுற மஞ்சப் பொட்டு முடியெல்லாம் போய், மங்கலா குட்டை முடி முளைச்சு, கொஞ்ச நாள் அடையாளமே தெரியாம திரியும். வீட்டுக்கோழிக்கு மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழியும் இப்படித்தான். நாட்டுச் சேவல் பெரும்பாலும் இந்த வேஷத்தை மறந்துருச்சு. ஆனா நம்ம சாம்பல் காட்டுக்கோழிக்கும் வீட்டுக்கோழியில பங்கு இருக்கு. கோழிங்களோட மஞ்சத் தோலுக்கான மரபணு அதுகிட்டேருந்து வந்ததுன்னு 2008-ல ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க.

இன்னொண்ணு கேளுங்க. நாம நினைக்கிற மாதிரி சேவலோட பளபளப்பு முடிக்கு ஆண் ஹார்மோன் காரணமே இல்ல. காயடிச்ச சேவலுக்கும் அதே முடிதான் வரும். கோழிக்கு சூலகம் கெட்டுப் போனா அதுக்கும் சேவல் முடி முளைக்கும். பெண் ஹார்மோன் இருந்தாத்தான் கோழி முடி. கொண்டைக்கும் கூவலுக்கும்தான் ஆண் ஹார்மோன் வேணும்.

கார்த்திகையில கழுத்து நெறைஞ்சிருச்சு. போன வருஷம் வெயில்ல வெளுத்துப் போயிருந்த செவலை, இப்ப கருஞ்செவப்பா இருக்கு. றெக்கையில ரெண்டு வெள்ளை முடி புதுசு. தரகர் மறுபடி வந்து 15,000ன்னாராம். அப்பா, "டீ குடிச்சிட்டுப் போங்க"ன்னாராம். தை கண்காட்சிக்குள்ள வால் முழுசா வரல, இன்னும் ஒரு சாண் வேணும். போகலியாப்பான்னு கேட்டேன். "அடுத்த வருஷம் போலாம்டா"ங்கறார்.