ஐந்தாம் சக்கரத்தின் அங்கி

மோட்டார் வாகனத்தின் நான்கு சக்கரங்கள் தார்ச்சாலையின் வெப்பத்தையும் கல்லையும் பள்ளத்தையும் ஓயாமல் சகித்துக்கொண்டு உழைத்திருக்க, ஐந்தாவது மட்டும் அவற்றோடு அத்தனை ஊர்களுக்கும் பிரயாணம் செய்தும் ஓர் அடிகூட உருளாமல் இருக்கும் விசேஷ பாக்கியத்தைப் பெற்றிருக்கிறது. சாதாரணக் கார்களில் அது டிக்கிக்குள் இருட்டில் படுத்திருக்கும். ஜீப், பொலிரோ போன்ற வண்டிகளிலோ பின்கதவில் பகிரங்கமாக ஏறி நின்று வெயிலையும் மழையையும் வாங்கிக்கொள்ளும். அங்கே நிற்கும் ஸ்டெப்னிக்கு ஓர் உறை போட வேண்டும் என்று வீட்டில் பேச்செழுந்தபோது, உழைக்காத ஆசாமிக்கு எதற்கு அங்கவஸ்திரம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

ஸ்டெப்னியின் பூர்வ சரித்திரம் சுவாரசியமானது. ஆதி நாளைய மோட்டார் பிரயாணிகள், டயரில் ஆணி ஏறிவிட்டால், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடுவழியிலேயே டயரைக் கழற்றி ஒட்டுப்போட வேண்டியிருந்தது. வேல்ஸ் தேசத்து லனெல்லி நகரில், ஸ்டெப்னி வீதியில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பரிகாரம் கண்டார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையத்தில் காற்றடைத்த டயர் ஒன்றைப் பூட்டி, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன் பக்கத்தில் கவ்விகளால் இறுக்கிக்கொள்ளும்படி செய்த சாதனம் அது. பிற்பாடு முழுச்சக்கரத்தையே கழற்றி மாற்றும் வசதி வந்தது. 1930-களின் பெரிய அமெரிக்கக் கார்களில் முன்புற மட்கார்டுக்குள் பாதி புதைந்தாற்போல் நின்ற உபரிச் சக்கரங்களுக்கு, வண்டியின் வர்ணத்திலேயே தகட்டு உறை மாட்டி, அதன் உச்சியில் கண்ணாடியும் வைத்தார்கள். ஆகவே இந்த அங்கி இன்று நேற்று வந்த டாம்பீகமன்று.

டாம்பீகம் மட்டுமே என்று தள்ளிவிடவும் முடியாதபடி ரப்பரின் சுபாவம் குறுக்கே நிற்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஓசோன் வாயுவும் ரப்பருக்கு ஜன்மப் பகைகள். டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கரித்தூள், அதற்கு வலுவூட்டுவதோடு அந்தக் கதிர்களையும் தானே உறிஞ்சிக்கொள்கிறது. ஓசோனைத் தடுப்பதற்கென்று மெழுகும் சில ரசாயனங்களும் ரப்பரோடு கலக்கப்படுகின்றன. ஆனால் இந்த மெழுகில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டயர் உருண்டு, நசுங்கி, மறுபடி விரியும்போதுதான் அது உள்ளிருந்து மேற்பரப்புக்குத் தாராளமாகக் கசிந்து வரும். அதனால் ஓடும் டயர் ஓடுகிறபோதே தனக்கு வேண்டிய காப்பைப் பூசிக்கொள்ள, கதவில் தொங்கும் டயரோ அந்தப் பூச்சுக் குறைந்து, சித்திரை வெயிலில் பக்கச்சுவர் காய்ந்து, மயிரிழை போன்ற வெடிப்புகளைக் காட்டத் தொடங்குகிறது. உழைக்காததினாலேயே மூப்படைகிற இந்த விசித்திரத்தை அறிந்த பிறகு, உறைக்கு நான் ஆக்ஷேபணை சொல்லவில்லை.

சொன்னதெல்லாம் உறையின் அமைப்பைப் பற்றித்தான். கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் குஷன் கடைக்காரர் டேப்பைக் கையிலெடுக்குமுன் டயரின் பக்கவாட்டு எழுத்துக்களைப் படித்தார். 215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 75 பங்கு பக்கச்சுவரின் உயரம். நடுவிலுள்ள ரிம் 15 அங்குலம். ஆக விட்டம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர், சுற்றளவு 220-க்குச் சற்று மேல் என்று அவர் காகிதமில்லாமலே கணக்கிட்டது எனக்கு மிகுந்த மரியாதையை உண்டாக்கிற்று. தொளதொளவென்று தைத்தால் வேகத்தில் காற்றுப் புகுந்து உப்பும் என்பதும், அடியில் துவாரம் விடாவிட்டால் மழைநீர் தேங்கி இரும்பு ரிம்மைத் துரு தின்னும் என்பதும் அவர் சொல்லித் தெரிந்தவை. மாட்டுவதற்கும் உச்சிவேளையே உசிதமாம். காலையில் விறைப்பாயிருக்கும் ரெக்ஸின் வெயிலில் இளகிக் கொடுக்கும். மேலே கவிழ்த்து, கதவுக்கும் டயருக்கும் நடுவே விரல் மாத்திரம் நுழையும் சந்தில் ஓரத்தை இழுத்து இழுத்துப் பின்னால் தள்ளி, கடைசியில் அடிப்புறத்து நைலான் கயிற்றை முடிச்சிட வேண்டும்.

மூடி வைப்பதில் உள்ள அபாயத்தைத்தான் நான் அவரிடம் பிரஸ்தாபித்தேன். ஆணி ஏறாவிட்டாலும் டயரிலிருந்து காற்று மெல்ல மெல்லக் குறையும். கண்ணுக்குத் தெரிகிற நான்குக்கும் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கிற பையன், உறைக்குள் இருப்பதைத் தொடுவதேயில்லை. டயர் பிறந்த வாரத்தையும் வருஷத்தையும் காட்டும் நான்கு இலக்கங்களும் (2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்) உறைக்குள்ளே மறைந்துபோகும். ஒருநாளும் தரையைத் தொடாத ஸ்டெப்னியையும் பத்தாண்டுக்குமேல் நம்பலாகாது என்கிறார்கள் டயர் தயாரிப்பாளர்கள் சிலர். எனவே வால்வுக்கு நேரே கைவிட்டுக் காற்றுப் பார்க்கும்படி ஒரு ஜிப் வைக்கச் சொன்னேன். "ஜிப் வச்சா தனி ரேட்டு சார். நடுவுல என்ன படம் போடட்டும்? முருகனா, புலியா?" என்று கேட்டார். படமே வேண்டாம் என்றேன். இத்தனை பெரிய வட்டத்தை வெறுமையாக விடுவதற்கு அவருடைய கலையுள்ளம் இடம் தரவில்லை போலும். மறுநாள் உறை வந்தபோது ஜிப் கச்சிதமாக இருந்தது, அதன் கீழே அவருடைய கடைப் பெயரும் தொலைபேசி எண்ணும் மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று இருந்தன.