கோத்தகிரியில் இரண்டு மாசம்

பங்குனி பிறந்துவிட்டால், திருப்பூரில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய கம்பெனிக்காரர்கள் கூடும் இடமெல்லாம் ஒரே பேச்சுத்தான். கோத்தகிரியில் பத்து சென்ட் வருகிறதாம், குன்னூருக்குக் கீழே பழைய பங்களா ஒன்று விலைக்கு இருக்கிறதாம், ஏற்காட்டில் யாரோ வில்லா கட்டி விற்கிறார்களாம். நூல் விலையும் டாலர் விலையும் பேசி முடித்ததும் பேச்சு தானாக மலையேறிவிடும். முப்பது நாற்பது வருஷம் தகரக் கூரைச் சூட்டிலும் பஞ்சுத் தூசியிலும் நின்றவர்கள் குளிர்ந்த காற்றுக்கு ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. கம்பெனியை மகன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு நானும் மனைவியும் வீட்டில் இதையேதான் பேசினோம். மலையில் வீடு வாங்கிவிடலாமா, வேண்டிய மாதங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கலாமா?

வாடகை என்று வாய்விட்டுச் சொல்லவே எங்கள் ஊரில் கொஞ்சம் கூச்சம் இருக்கிறது. காரணம் உண்டு. என் வயதுக்காரர்கள் பலர் லைன் வீட்டில் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். வரிசையாக எட்டு வீடு, ஒரே குழாய், முறை வைத்துத் தண்ணீர், விருந்தாளி இரண்டு நாள் தங்கினால் வீட்டுக்காரர் முகம் மாறும். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து பீஸ் ரேட்டுக்குத் தைத்து, பிறகு ஜாப் ஒர்க் எடுத்து, நாலு காசு சேர்ந்ததும் முதலில் வாங்கியது இடம்தான். அப்படி வந்தவனிடம் போய், அறுபது வயதுக்கு மேல் வாடகை வீட்டுக்குப் போ என்றால் ஏற்றுக்கொள்ள மாட்டான். என் அண்ணனே கேட்டார்: "உனக்கென்னப்பா கொறைச்சல், வாடகைக்குப் போறதுக்கு?"

இந்தக் கேள்விக்குப் பதில் என் மனைவியிடமிருந்து வந்தது. "வீடு யாரு பேர்ல இருந்தா என்னங்க? சித்திரை, வைகாசி ரெண்டு மாசம் எனக்கு வேர்க்காம தூங்கோணும். மத்த மாசமெல்லாம் நான் இங்கதானுங்க இருப்பேன்." எங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது அதில் அடங்கிவிட்டது. அவளுடைய அக்கா தங்கைகள், கோயில், காய்கறிக்காரம்மா, பேரன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம், எல்லாம் இங்கேதான். பத்து மாதம் பூட்டிக் கிடக்கப்போகும் ஒரு வீட்டைத்தான் நான் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

அப்படிப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைப் பார்க்கவும் பார்த்தோம். அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம் வழியாக ஏறி, கோத்தகிரியைத் தாண்டித் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாக இருந்தது. வெளியிலிருந்து பார்க்க அழகான வீடு. வாட்ச்மேன் கதவைத் திறந்ததுமே ஈர வாடை. வடக்குச் சுவரில் பெயின்ட் உப்பி உரிந்திருந்தது. படுக்கையறை பீரோவைத் திறந்தால் மடிப்புக் கலையாமல் நாலு பெட்ஷீட். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் விரித்தேன். மடிப்பு மடிப்பாகக் கறுப்புப் புள்ளி, ஃபங்கஸ். பேக்கிங் செக்ஷனில் எத்தனை வருஷம் இதற்குப் பயந்திருக்கிறோம்! மழைக்காலத்தில் அயன் முடிந்த துணியின் ஈரம் போவதற்குள் பாலிபேக்கில் போட்டுவிடக் கூடாது, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட வேண்டும், மீட்டர் வைத்து ஈரம் பார்க்க வேண்டும். ஒரு பெட்டியில் அந்தப் புள்ளி தெரிந்தாலும் பையர் முழுச் சரக்கையும் நிறுத்தி வைத்துவிடுவார். இங்கே ஒரு வீடே அப்படி இருந்தது. ஓடாத நிட்டிங் மெஷினும் ஆளில்லாத வீடும் ஒன்றுதான். நின்றால் கெட ஆரம்பித்துவிடும். பின்கதவின் கீழ்ப்பலகையைக் கரடி பிய்த்திருந்தது. சமையலறையில் எண்ணெய் வாசம் பட்டால் கரடி வரும் என்றார் வாட்ச்மேன். கோத்தகிரிப் பக்கம் அது புதுச் செய்தி கிடையாது.

கணக்கையும் போட்டுப் பார்த்தோம். எண்பது லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 7,20,000 ரூபாய் பதிவு அன்றே போய்விடும். அப்புறம் வாட்ச்மேன் சம்பளம், வருஷா வருஷம் சுவர் வேலை, கரன்ட், வீட்டு வரி. அதே பணத்தில் 30 லட்சத்தை மட்டும் அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டிக்கு வருஷத்துக்கு 2,46,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாயாகக் கைக்கு வரும். சீசனில் வாடகை எவ்வளவு ஏறினாலும், இரண்டு மாதத்துக்கு ஒரு நல்ல மாடிப்பகுதியும் சமையலுக்கு ஆளும் அதற்குள் அடங்கிவிடும். முதல் அப்படியே இருக்கும்.

நிலத்தின் மதிப்பு ஏறுமே என்பார்கள். ஏறும், மறுக்கவில்லை. ஆனால் விற்கப் போகும் அன்று வாங்க ஆள் வேண்டும். நீலகிரியில் பத்திரம் பார்ப்பது சமவெளி மாதிரி இல்லை. வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் போதாது. 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிற நிலமா, மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமமா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். அறுபதுக்கு மேல் இந்த அலைச்சல் எதற்கு?

பணம் கையில் இருப்பதன் அருமையைத் திருப்பூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது தைத்த சரக்கு கம்பெனியிலேயே தங்கியது. ஏக்கர் கணக்கில் இடம் வைத்துக்கொண்டே சனிக்கிழமை சம்பளத்துக்குக் கைமாற்றுக்கு அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மகனுக்கு அப்படி ஒரு வாரம் வந்தால், மலைவீட்டின் சுவரை உடைத்துச் சம்பளம் போட முடியாது.

உடம்பும் ஒரு காரணம். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கையோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருப்பது மலைவாசிகளுக்குப் பெரிய தெம்பு. ஆனால் எனக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டர் கோயம்புத்தூரில் இருக்கிறார்; நடுராத்திரி மலைப்பாதையில் இறங்குவதை நினைத்தால் இரண்டு மாதமே அளவாகப் படுகிறது.

இதையெல்லாம் விட என்னை யோசிக்க வைத்தது மலைதான். சமவெளிக்காரர்கள் அங்கே வீடு கட்டிய கதையைத் தொடங்கி வைத்ததே நம் ஜில்லாக் கலெக்டர். திருப்பூர் கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்த காலம் அது; தனி மாவட்டமானது 2009-இல்தான். கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் ஒரு பங்களா கட்டினார். பிறகு ஊட்டியில் அவர் கட்டிய கல் பங்களா இன்றும் அரசுக் கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. மனைவியையும் ஒரு மகளையும் ஊட்டி மண்ணிலேயே புதைத்துவிட்டு 1841-இல் இங்கிலாந்து திரும்பினார். 1855-இல் அங்கேயே இறந்தார். மலையை அவ்வளவு நேசித்த மனிதருக்கும் முதுமை அமைந்தது சொந்த ஊரில்தான்.

அவர் போட்ட பாதையில் இன்று எத்தனை பேர் ஏறுகிறோம் என்பதற்கு உயர் நீதிமன்ற உத்தரவே அத்தாட்சி. 2024 மே 7 முதல் வெளி வண்டிகளுக்கு இ-பாஸ். 2025 கோடைக்கு, நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பே போட்டுவிட்டார்கள். 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சரிவுகளை வெட்டித்தான் நாம் கார் நிறுத்த இடம் எடுக்கிறோம். அங்கே தேயிலை பறிக்கிற அம்மா கோடையில் குடத்தோடு தண்ணீருக்குக் காத்திருக்கிறார். அவர் வீட்டுக்கு மேலே பூட்டிய பங்களாக்களில் வீட்டுக்கொரு போர்வெல். நாம் ஆளுக்குப் பத்து சென்ட் வாங்கிக் குவித்து விலையை ஏற்றியதில், அந்த ஊர்ப் படுகர் வீட்டுப் பையனுக்கே தன் ஊரில் இடம் வாங்க முடியாமல் போகிறது. சாயத் தண்ணீரை விட்டு நொய்யல் ஆற்றுக்கு நாம் என்ன செய்தோம் என்று தெரிந்தவர்கள் நாம். இன்னொரு இடத்தில் அதைச் செய்யக் கூடாது என்று மனசாரச் சொல்கிறேன்.

வருஷம் முழுக்க அங்கேயே இருந்து, அந்த ஊர் ஆளாகவே ஆகிவிடப் போகிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் ஒரு ஐப்பசி, கார்த்திகையை அங்கே வாடகை வீட்டில் கழித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழைதான் கோத்தகிரியின் பெரிய மழை. மே மாத வெயிலில் பார்த்த வீடு அப்போது வேறு வீடாக இருக்கும்.

நாங்கள் வரும் சித்திரைக்குப் பேசிவிட்டோம். ஒரு படுகர் குடும்பத்தின் மாடிப்பகுதி. அவர்கள் கீழேயே குடியிருக்கிறார்கள், அதனால் வீடு வருஷம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. கரன்ட் மீட்டர் தனி, கெய்சர் உண்டு, படிக்கட்டுக்குக் கைப்பிடி போட்டுத்தரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றார்கள். பேரனுக்குப் பரீட்சை முடிந்ததும் மகனும் மருமகளும் கொண்டுவந்து விடுவார்கள். அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறேன். மனைவி போட்ட கண்டிஷன் ஒன்றுதான்: "ஆடிக்கு முன்னாடி ஊருக்கு வந்துறோணுங்க, கோயில் நோம்பி இருக்குது."